படகுக்கு வாங்காத பெட்ரோல் மோட்டார்

இன்று காலை புனே நிக்டியில் நம் வீட்டின் கீழே யாரோ ஸ்கூட்டரைப் பிரித்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பெட்ரோல் வாசனை பால்கனி வரை ஏறி வந்தது. நீங்கள் இருந்தவரை அந்த வாசனை பட்டாலே ஜன்னலைச் சாத்துவேன். ஆகுர்டி ஆலையில் நாளெல்லாம் எஞ்சின் சோதித்துவிட்டு நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த வாசனை அது. இன்று சாத்த முடியவில்லை. நின்றபடியே அழுதேன்.

ஓய்வு பெற்றதும் ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கினீர்கள். பான்ஷெத் அணையில் அதைக் கட்டிப்போட்டு ஞாயிறுதோறும் போவோம். காற்று நின்றுவிட்டால் கரை திரும்ப ஒரு சின்ன மோட்டார் வேண்டும் என்றீர்கள். எந்த மோட்டார் என்பதில் நமக்குள் ஒரு மாதம் சண்டை.

"பெட்ரோல்னா கேன்ல வெச்சிருந்து ஊத்திக்கலாம். பேட்டரி தீந்தா நடுத்தண்ணியில என்ன பண்றது?"

"ஏனுங்க, இத்தனை வருசம் அந்த நாத்தத்தோட குடித்தனம் பண்ணியாச்சு. தண்ணிக்கு நடுவுலயும் அதேதானுங்களா? பேட்டரின்னா சத்தமே இல்லீங்க."

எவ்வளவு நேரம் தாங்கும் என்று காகிதத்தில் எழுதிக் காட்டினீர்கள். நான் பார்க்கக்கூட இல்லை. "சரி, உன்ற இஷ்டம்" என்று பேனாவை மூடினீர்கள். பேட்டரி மோட்டாரே வந்தது.

அந்த மே மாத ஞாயிறு காற்று அடியோடு நின்றுவிட்டது. நடு நீரில் நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பலகையில் சாய்ந்தீர்கள். போனில் சிக்னல் இல்லை. மோட்டாரைப் போட்டேன்.

"முழுசாத் திருகாத. பாதி வேகத்துல வெய்யி. அப்பத்தான் கரை வரைக்கும் வரும்."

உங்கள் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? முழுசாகத் திருகினேன். கரையில் துணி காய்வது தெரிகிற தூரத்தில் மோட்டார் முனகி நின்றது.

இருந்தது ஒற்றைத் துடுப்பு. வலித்தேன், படகு சுற்றியதே தவிர நகரவில்லை. இத்தனை வருடம் காய்கறி வாங்கிய மராத்தியில், காப்பாற்றுங்கள் என்று கூப்பிட ஒரு சொல் வரவில்லை. தமிழிலேயே கத்தினேன்.

நீங்கள் என் சேலையைப் பிடித்து இழுத்தீர்கள். "யாராச்சும் கேட்டா, பேட்டரி போதும்னு நான்தான் சொன்னேன்னு சொல்லிரு. இல்லீன்னா நம்ம பையன் உன்னையத்தான் பேசுவான்."

"பேசாதீங்க, சும்மா இருங்க" என்று அதட்டினேன். உங்களிடம் நான் கடைசியாகச் சொன்னது அதுதான். ஆட்கள் நீந்தி வந்து படகை இழுத்துக் கரை சேர்த்தபோது உங்கள் கை சில்லிட்டிருந்தது. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

காரியம் முடிந்த அன்று பையன் கேட்டான். "யாரும்மா பேட்டரி மோட்டார் வாங்கச் சொன்னது?"

நீங்கள் சொன்னபடியே சொன்னேன். அன்றிலிருந்து அவன் உங்களை மன்னிக்கவில்லை. உங்கள் படத்தை அவன் வீட்டில் மாட்டவில்லை. உண்மையைச் சொல்ல எத்தனையோ முறை வாயைத் திறந்துவிட்டேன். சொன்னால் அவனும் என்னை விட்டுப் போய்விடுவான் என்று பயந்து வேறு பேச்சுக்கு மாறிவிடுகிறேன்.

நேற்றும் வந்திருந்தான். "எஞ்சினையே கரைச்சுக் குடிச்ச மனுசன், இப்பிடிப் பண்ணலாமாம்மா?" என்றான்.

"ஆமாப்பா, உங்கப்பா யார் பேச்சையும் கேக்க மாட்டாரு" என்றேன்.