கைகோர்வைக்கு நீதான்

ஆனைமலை,
பங்குனி, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தம்பி அருண்குமாருக்கு,

அக்கா லோகப்பிரியா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம். மெல்போர்னில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க மாசாணியம்மன் துணை. என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டதால் காகிதத்துக்கு வந்துவிட்டேன். பேனா பிடித்து ரொம்ப நாளானதில் விரல் வலிக்கிறது, அந்தப் பாவமும் உன்னைத்தான் சேரும்.

தோட்டத்துச் சேதி முதலில். தென்னையில் வெள்ளை ஈ விட்டபாடில்லை. மரத்துக்கு மரம் விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டை கட்டியிருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகமானதால் கோயமுத்தூர் கூட்டிப் போனேன். உக்கடத்தில் பஸ் மாறுவதற்குள் அவள் என்னை ஏசித் தீர்த்தாள். தரையில் உட்காரக்கூடாது என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்தாள்.

இனி, உன் காதுக்கு எப்படியோ வந்துவிட்ட சேதி. உண்மைதான். வைகாசியில் எனக்கும் தனபாலுக்கும் கல்யாணம். நம் கிணற்றின் மறுபாதிக்காரர், அப்பாவைக் கொன்றவன் என்று நீயும் நானும் ஊரெல்லாம் சொன்ன அதே தனபால். அக்காவுக்கு வெட்கமில்லையா என்று பெரியம்மாவிடம் கேட்டாயாம். இல்லை. பயமும் இல்லை. என்ன நடந்தது என்பதை மட்டும் முழுதாகக் கேள். அன்றைக்கே சொன்னேன், நீ கேட்கிற நிலையில் இல்லை.

அப்பா சேறு எடுக்கக் கிணற்றில் இறங்கிய அன்று நீ ஹாஸ்டலில் இருந்தாய். கிணற்று மேட்டில் நின்றது நான். கிணற்றில் இறங்குகிறவர் மோட்டாரின் பியூஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டுதான் இறங்குவார். அப்பாவும் நம் கட்டையை மடியில்தான் வைத்திருந்தார். ஆனால் கிணற்றில் இரண்டு மோட்டார். கரண்ட் வந்ததும் தானாக ஓடட்டும் என்று தனபால் வீட்டார் தங்கள் மோட்டாரை ஆட்டோவில் விட்டிருந்தார்கள். நான் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். வாய்க்கால் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று வருஷக்கணக்காகியிருந்ததே. "அவனூட்டு வாசல்ல போயி நிக்கோணுமா அம்மணி? கரண்டு வர இன்னும் நேரங் கெடக்குது" என்றார் அப்பா. கரண்ட் முன்னதாகவே வந்துவிட்டது. அவர்கள் வயரில் எங்கோ கசிவு. அப்பா தண்ணீரில் நின்றிருந்தார்.

என் கத்தலைக் கேட்டு ஓடிவந்தவர் தனபால். சுவிட்சை அணைக்கச் சொல்லித் தன் வீட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டே இறங்கினார். அவர்கள் அணைப்பதற்குள் அப்பாவைப் பிடித்துவிட்டார். வலது கை கருகி, மோதிர விரலையும் சுண்டு விரலையும் எடுக்க வேண்டியதாயிற்று. கட்டுப் போட்டுக் கிடந்தவரைத்தான் நீ ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அடித்தாய். நான் தடுக்கவில்லை, இன்னும் இரண்டு வை என்றேன். பிறகு நாம் சேர்ந்து போய், அவர் நாசமாகட்டும் என்று பெயரைச் சொல்லி மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்தோம்.

விபத்து என்று கோர்ட் அவரை விட்டது. நான் விடவில்லை. அவருடைய சொட்டுநீர்க் குழாயை அரிவாளால் அறுத்துப் போட்டேன். ஒரு சொல் கேட்காமல் ஒட்டுப்போட்டுக்கொண்டு போனார். அதைப் பார்த்து எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

நீ விமானம் ஏறிவிட்டாய். எனக்குக் கிணறு இருந்தது. சுவிட்சில் கை வைத்தால் உள்ளே யாரோ நிற்பதாகவே தோன்றும். எட்டிப் பார்ப்பேன், திரும்பி வருவேன், மறுபடி போய்ப் பார்ப்பேன். தென்னை காய ஆரம்பித்தது. ஒரு நாள் எதிர் மேட்டிலிருந்து, "உள்ள ஆரும் இல்லீங்க, போடுங்க" என்று தனபாலின் குரல் வந்தது. வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுத்தான் போட்டேன். ஆனால் போட்டேன். அதன் பிறகு நம் தண்ணீர் முறை வரும்போதெல்லாம் அந்தக் குரல் வந்தது, மழையில் குடை பிடித்துக்கொண்டுகூட. தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால் அவரும் கிணற்றை எட்டிப் பார்ப்பார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

போன கோடையில் இரண்டு பம்பும் சேற்றில் அடைத்துக்கொண்டன. அந்தக் கிணறா என்று ஆட்கள் கழன்றுகொண்டார்கள். அவரே இறங்கத் துணிந்தார். தன் பியூஸ் கட்டையை அவர் மடியில் கட்டவில்லை. நம் வாசலுக்கு வந்து என் கையில் வைத்து, "ரண்டு கட்டையும் உங்க கையிலயே இருக்கட்டுங்க, நான் எறங்கறேன்" என்றார். அவர் உள்ளே இருக்கும்போது கரண்ட் வந்தது. கட்டையைச் சொருகிவிடலாம் என்று நினைத்தேன், தம்பி. மோட்டார் ரூம் வாசல்வரை போனேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பா போன அன்று வராத அழுகையெல்லாம் அப்போது வந்தது. மேலே வந்தவர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "போட்டிருந்தாலும் குத்தமில்லீங்க" என்றார். வாயை மூடுங்கள், இந்த மேட்டில் இனிச் சாகிற பேச்சு வேண்டாம் என்றேன். நாங்கள் பேசிய முதல் நல்ல பேச்சு அதுதான். சிரிக்காதே.

பாவம் பார்த்து நான் அவரைக் கட்டிக்கொள்ளவில்லை. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. அந்த ஒரு நாளை மற்ற எல்லோருக்கும் நான் விளக்க வேண்டியிருக்கிறது, அவருக்கு விளக்க வேண்டியதில்லை. போன வாரம் மாசாணியம்மனுக்கு எண்ணெய் சாத்தி, அன்று மிளகாய் அரைத்து விட்ட சாபத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். உன் பங்கையும் சேர்த்துத்தான்.

அவர் நம் சாதியிலேயே வேறு கூட்டம், வேறு குலம், நமக்குக் கட்டுகிற முறைதான், அதனால் ஊருக்கு மெல்ல அவல் குறைவு. அம்மாதான் கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள். நேற்று வாய் திறந்து, "அருணு வந்து கை கோத்தான்னா நானும் மனசார நிக்கறேன் சாமி" என்றாள்.

நம் கல்யாணத்தில் கைகோர்வை உனக்குத் தெரியாததல்ல. மாப்பிள்ளையும் பெண்ணின் உடன்பிறந்தவனும் எதிரெதிரே உட்கார்ந்து கை கோர்க்க வேண்டும், மங்கல வாழ்த்து முடிகிறவரை விடக்கூடாது. பெரியப்பா மகனை உட்கார வைக்கலாம் என்று கல்யாணத்தை நடத்துகிற அருமைக்காரர் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். நீ வராவிட்டாலும் கல்யாணம் நடக்கும், உன் இடம் மட்டும் காலியாக இருக்கும். அவர் கையில் மிச்சமிருப்பது மூன்று விரல். அப்பாவைக் கடைசியாகப் பிடித்த கை அது. அன்போடு பிடிக்க வராவிட்டால் கோபத்தோடு இறுக்கிப் பிடி, அவர் தாங்குவார்.

லீவு இல்லை, டிக்கெட் இல்லை என்று எழுதாதே. அப்பா காரியம் முடித்துப் போனவன் இந்த மண்ணை இன்னும் மிதிக்கவில்லை. உனக்கு எதைப் பார்க்கப் பயம் என்று இந்த அக்காவுக்குத் தெரியாதா? எனக்கும் அதே பயம்தான் இருந்தது. நீ வருகிற அன்று கிணற்று மேட்டில் நான் நிற்பேன். நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இரு.

உள்ளே யாரும் இல்லை, கண்ணு. வா.

உன் அக்கா,
லோகப்பிரியா