காலியாக விட வேண்டிய கட்டம்

வேங்கிக்கால்,
புதன்கிழமை காலை.

அன்புள்ள இனியாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மா நலம். உன் செல் எண் என்னிடம் இல்லை. ஆகவே நம் 'படியேறு' தளத்தில் தொடர்புக்கென்று நீ கொடுத்திருக்கும் மின்னஞ்சலுக்கே இதை அனுப்புகிறேன். முதலில் தளத்தை மொத்தமாக அழித்துவிடு. மீதியை அப்புறம் படித்துக்கொள்.

நீ கல்லூரியில் இருந்தபோது நாம் சேர்ந்து விளையாட்டாக ஆரம்பித்தது அது. டிவியில் ஏழு மணிக்கு 'படியேறு' வினாடி வினா ஆரம்பித்தால் யார் வந்தார், எத்தனையாவது படியில் விழுந்தார், எந்தக் கேள்வி அவரைக் கவிழ்த்தது என்று நான் குறித்து ஏற்றுவேன். காலையில் பார்த்தால் என் தவறுகளை நீ திருத்தியிருப்பாய். நீ எங்களை விட்டுப் போன பிறகும் அது மட்டும் நிற்கவில்லை. சில நாள் ஓரத்தில் 'சினிமாக் கேள்வியில் விழுந்தவர்கள் இதுவரை 61 பேர், அப்பா' என்று ஒரு வரி இருக்கும். அந்த 'அப்பா'வுக்காகவே மறுநாளும் டிவி முன்னால் உட்காருவேன்.

போன மாதம் தனம் என்று ஒரு பெண் வந்தாளே, பதினைந்து படியில் பதினான்கு ஏறியவள், ஞாபகம் இருக்கும். ஊரைக் கேட்டதற்குத் திருவண்ணாமலை மாவட்டம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஜெராக்ஸ் எடுக்க நம் கடைக்கு வருகிறவள்தானே! கலெக்டர் ஆபீஸ் எதிரில் முப்பத்தொரு வருடம் மனு அடித்த கை இது. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மனு திரும்பி வந்துவிடும் என்று, தகப்பன் பெயர், கணவன் பெயர், தெரு, கிராமம், வட்டம் எல்லாவற்றையும் நிரப்பியே பழகிவிட்டது. 'கீழ்பென்னாத்தூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள தையல் பயிற்சி நிலையத்தில் ஆசிரியை. மாலை 5.40 பஸ்ஸில் வேங்கிக்கால் திரும்புவார்' என்று நிரப்பினேன்.

நீ மறுநாளே அழித்தாய். நான் மறுபடி போட்டேன். மூன்று முறை இப்படி. நாலாவது முறை உன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று கீழே குறிப்புகளில் கொண்டுபோய்ப் போட்டேன். ஜெயித்துவிட்டதாக ஒரு நினைப்பு. தளத்தின் அடியில் உன் பெயரையும் நம் கடை விலாசத்தையும் போட்டதும் இதே புத்திசாலிதான்.

திங்கட்கிழமை மனு நாள், கடை நிறைய ஆட்கள். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. தீபத்துக்கு வந்தவர் என்று நினைத்தேன். வீட்டம்மாவைக் காணவில்லை, மூன்று வருடம் ஆகிறது, கலெக்டருக்கு ஒரு மனு அடிக்க வேண்டும் என்றார். பிறகு செல்லை நீட்டி நம் தளத்தைக் காட்டினார். 'உங்க கடை அட்ரஸ்தான் கீழ போட்டிருக்கு. இதுல இருக்கிறதெல்லாம் கரெக்டுங்களா ஐயா?' என்று கேட்டார்.

நம் தளத்தைப் பார்த்தேன் என்று ஒரு மனிதர் நேரில் வந்து சொன்னது அதுதான் முதல் தடவை, இனியா. எல்லாம் சரிதான், நானே விசாரித்துப் போட்டது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் எழுந்துகொண்டார். 'அப்ப மனு வேணாங்க. அவகிட்ட கொஞ்சம் பேசணும். பேசிட்டுப் போயிடறேன், அவ்ளோதான்' என்றார்.

என் விரல் அப்படியே நின்றுவிட்டது. ஐந்து வருடத்துக்கு முன் மாறன் நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, இதே வார்த்தையைத்தான் சொன்னான். கட்டினவன் மரியாதையாகக் கேட்கிறானே என்று, அவனை விட்டு வந்து நீ தங்கியிருந்த சென்னை விடுதியின் பெயர், தெரு, அறை எண் வரை சொன்னவன் நான். மறுநாள் உன் கையில் போட்ட ஒன்பது தையலை நான் பார்க்கவில்லை. அம்மாதான் பார்த்தாள்.

கடையை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். கீழ்பென்னாத்தூர் போய்ச் சேரும்வரை என்னைத் தாண்டிப் போன ஒவ்வொரு ஆட்டோவிலும் அந்த வெள்ளைச் சட்டையைத் தேடினேன். தனம் பெண்களுக்கு ஜாக்கெட் வெட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, 'நான் டிவில ஊர் பேரைச் சொல்லவே இல்லியே ஐயா' என்று மட்டும் கேட்டாள். பிறகு, மூன்று வருடம் பயந்து பயந்து இருந்தாயிற்று, ஒரு நாளாவது நாலு பேர் முன்னால் நிற்கலாம் என்றுதான் போனேன் என்றாள்.

அன்று அவள் 5.40 பஸ்ஸில் ஏறவில்லை. தையல் நிலையம் நடத்தும் சரோஜா அம்மாள் தன்னோடு அழைத்துப் போய்விட்டார். அந்தப் பஸ் வேங்கிக்காலில் வந்து நின்றபோது, அந்த ஆள் நிறுத்தத்தில் காத்திருந்து, இறங்கிய ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்தானாம். டீக்கடை வேணு சொன்னான்.

நேற்று காலை மகளிர் காவல் நிலையத்தில் மனு கொடுத்தோம். அடித்தது நான். என் தொழிலில் முதல் தடவையாக விலாசக் கட்டத்தைக் காலியாக விட்டேன். வாங்கிக்கொண்டார்கள், திருப்பி அனுப்பவில்லை.

மதியம் அவன் மறுபடி கடைக்கு வந்தான். ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். போகும்போது, 'இந்த சைட்டை நடத்துறது உங்க பொண்ணாமே. அவங்க எந்த ஊர்ல இருக்காங்க?' என்று கேட்டான். தெரியாது என்றேன். சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. இவன் தேடி வந்த வழியில் மாறன் வர எத்தனை நாள் ஆகும்?

தனத்தைப் பற்றி எழுதியதை நான் எடுத்துவிட்டேன். ஆனால் 'பழைய பதிப்புகள்' என்ற இடத்தைத் தொட்டால் அத்தனையும் அப்படியே வருகிறது. அதை அழிக்கும் உரிமை உன் ஒருத்தியிடம்தான் இருக்கிறது. இன்னும் எழுநூறு பேர் அதில் இருக்கிறார்கள். அவர்களில் யார் யார் எதற்காக ஊரைச் சொல்லாமல் விட்டார்களோ, எதையெல்லாம் நான் நிரப்பி வைத்திருக்கிறேனோ! அழித்தால் உனக்கும் எனக்கும் நடுவில் மிச்சம் இருப்பதும் போய்விடும். தெரிந்துதான் கேட்கிறேன்.

இன்று விடிந்ததும் அம்மா என்னை எழுப்பினாள். 'ரெண்டு பொண்ணையும் நீங்கதான் காட்டிக் குடுத்தீங்க. உக்காந்து அவளுக்கு எழுதுங்க' என்றாள். எழுதிவிட்டேன்.

சீக்கிரம் செய், தாயே.

உன் அப்பா,
கோதண்டராமன்


வேங்கிக்கால்,
சனிக்கிழமை.

அன்புள்ள இனியா,

புதன்கிழமை சாயங்காலம் தளம் திறக்கவில்லை. ஏழெட்டு முறை தட்டிப் பார்த்தேன், வெள்ளைத் திரைதான் வந்தது. அதையே உன் பதிலாக எடுத்துக்கொண்டேன். அம்மாவிடம் காட்டினேன். அவள் அந்த வெற்றுத் திரையைக் கையால் தொட்டுப் பார்த்தாள்.

வியாழக்கிழமை அந்த ஆளைக் காவல் நிலையத்துக்கு வரவழைத்து, இனி தனத்தைத் தேடி வர மாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள். ஊரைவிட்டுப் போனானா என்று தெரியவில்லை. தீபத்துக்கு நான்கு நாள்தான் இருக்கிறது, தெருவெல்லாம் வெளியூர்த் தலைகள், எந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்தாலும் நின்று முகத்தைப் பார்க்கிறேன். தனம் நேற்று வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டாள். போகிற இடத்தைச் சொல்ல வாயெடுத்தாள். என்கிட்ட வேணாம்மா என்று கும்பிட்டுத் தடுத்துவிட்டேன்.

நேற்று ராணிப்பேட்டை ஆசிரியர் ஒருவர் பதினைந்தாம் படியும் ஏறிவிட்டார். இத்தனை வருடத்தில் இரண்டாவது ஆள். குறித்து வைக்க இடம் இல்லை, உன்னிடம் சொல்லிவிட்டேன். ஊரையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன் பார், இந்தப் புத்தி சாகிறவரை போகாது போலிருக்கிறது.

அதனால்தான் ஒன்று கேட்கிறேன். என் மேல் உனக்கு எப்போதாவது மனம் இரங்கினாலும் சரி, நான் படுக்கையில் கிடக்கிறேன் என்று அம்மாவே எழுதினாலும் சரி, எந்த ஊரில் இருக்கிறாய் என்று எனக்குச் சொல்லிவிடாதே. எவன் வந்து எவ்வளவு மரியாதையாகக் கேட்டாலும், தெரியாது என்று நான் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும்.

அந்த ஊரில் நீ நன்றாக இரு, அம்மா.

அப்பா