புரதம்: பூஜ்ஜியம்

நாள் 1 | காலை 07:10
சந்திரனைச் சுற்றும் 'வெண்குடை' சொகுசு விடுதியிலிருந்து எழுதுகிறேன். பெயர் மரகதவல்லி, உணவியல் அலுவலர். நேற்றைய விண்கல் மழையில் உணவுக்கிடங்கு பிய்த்துக்கொண்டு போனது, விண்ணுடைகளும் அதோடு போயின. விருந்தினரை இருந்த ஒரே தப்பிக்கும் கலத்தில் ஏற்றி அனுப்பிவிட்டோம். மிச்சம் நானும் குழாய் என்ஜினியர் சூசை அண்ணனும். உவரிக் கடற்கரைக்காரர், கம்மியாகப் பேசுவார்.
கையில் இருப்பது ஆறு நாளுக்கு பிஸ்கட். அப்புறம் மதுக்கூடத்தில் 640 பாக்கெட் பிளாக் ரஷ்யன், வோட்காவும் காபி லிக்கரும் கலந்து அடைத்தது. ஒரு பாக்கெட் 70 மில்லி. கலோரி 175. சர்க்கரை 9 கிராம். கொழுப்பு பூஜ்ஜியம். புரதம் பூஜ்ஜியம்.

நாள் 1 | காலை 09:40
இருப்புப் படிவம் அனுப்பியாயிற்று. சாராயத்தை 'விருந்தினர் பானம்' கட்டத்தில் போடச் சொன்னார் அண்ணன். பதினெட்டு வருஷமாக இதே வேலைதான் பார்க்கிறேன், கலோரி இருந்தால் அது உணவு என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு உணவுக் கட்டத்தில் போட்டேன். இரண்டு பேருக்கு 46 நாள் என்று வந்தது.

நாள் 2 | மாலை 16:05
தரையிலிருந்து செய்தி: "மீட்புக் கப்பல் ஒன்றே உள்ளது. உணவு நாள் குறைந்த நிலையத்துக்கு முன்னுரிமை. பிறைமாடம்: 15 நாள். வெண்குடை: 46 நாள். உங்களுக்குக் கப்பல் 38ஆம் நாள்."
நேற்று மீட்புப் பட்டியலில் கல்மேடு என்று மூன்றாவது நிலையம் ஒன்றும் இருந்தது. இன்று காணோம். மீட்டுவிட்டார்கள் போல, நல்லவேளை.
படிவத்தைத் திருத்தக் கேட்டேன். ஒப்புதல் ஆன பதிவைத் திருத்த முடியாதாம். கப்பல் ஒதுக்குவது ஆள் இல்லை, இயந்திரம். கெஞ்சவும் முடியாது, திட்டவும் முடியாது. இருந்தாலும் திட்டினேன்.

நாள் 11 | காலை 08:20
அளந்து அளந்து தின்றும் பிஸ்கட் நேற்றோடு தீர்ந்தது. பாக்கெட்டைக் கொதிக்கவைத்து சாராயத்தை ஆவியாக்கிவிட்டு சர்க்கரைத் தண்ணீரை மட்டும் எடுக்கப் பார்த்தேன். ஆவி பட்டதும் காற்றுச் சுத்திகரிப்பான் அலறி, அடுப்பைப் பூட்டிவிட்டது. அண்ணன் நாலு மணி நேரம் மல்லுக்கட்டியும் திறக்கவில்லை. அப்படியேதான் குடிக்கவேண்டும்.
அண்ணன் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். "தாயி, எங்கப்பன் இதுலதான் போனான். நான் இதுவரைக்கும் தொட்டதே இல்ல" என்றார்.
மருந்தாக நினைத்துக்கொள்ளுங்கள் அண்ணே என்று நான்தான் உறிஞ்சுகுழாயைச் சொருகிக் கொடுத்தேன்.

நாள் 17 | காலை 05:50
அண்ணனுக்கு வியர்வை, நடுக்கம். நாக்கு குழறுகிறது. ரத்தச் சர்க்கரை 38, எழுபதாவது இருக்கவேண்டும். வெறும் வயிற்றில் சாராயம் போனால் கல்லீரல் சர்க்கரை செய்வதை நிறுத்திவிடும். முதல் வருஷப் பாடம். எத்தனை பேருக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன். தெரிந்தேதான் கொடுத்தேன், வேறு என்னத்தைக் கொடுப்பேன்?
ஏற்றுவதற்குக் குளுக்கோஸ் ஒரு சொட்டு இல்லை, இருக்கிற சர்க்கரை எல்லாம் சாராயத்தோடுதான்.

நாள் 17 | காலை 09:15
சூசை அண்ணன் போய்விட்டார்.
அண்ணன் சொன்ன கட்டத்தில் போட்டிருந்தால் ஆறு நாள் உணவுதான் என்று காட்டியிருக்கும், ஏழாம் நாளே கப்பல் வந்திருக்கும். பாவி நான்.

நாள் 18 | காலை 10:00
தரை: "வெண்குடை, ஆட்கள் 1. மீதி 600 பாக்கெட், 1,05,000 கலோரி. உணவு 75 நாள். கப்பல் 70ஆம் நாளுக்கு மாற்றப்பட்டது."
அவர் செத்ததில் எனக்குச் சாப்பாடு இரட்டிப்பாகிவிட்டதாம். சிரித்தேன்.

நாள் 21 | மதியம் 13:30
பார்வை மங்குகிறது. எழுபதாம் நாள் வரை தாங்கமாட்டேன். பாக்கெட்டுகளைப் படுக்கைக்குள் ஒளித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் சில்லு இருக்கிறது, எங்கே வைத்தாலும் இயந்திரம் எண்ணிவிடுகிறது. இருப்பு குறைந்தால்தானே முன்னுரிமை? எல்லாவற்றையும் குப்பை வாசல் வழியே வெளியே தள்ளினேன். கடைசிப் பாக்கெட் வரை.
படிவம் இப்போது காட்டுவது: 0 நாள்.
கப்பல் பிறைமாடம் போய்த் திரும்பிவிட்டது, சும்மாதான் நிற்கிறது. கிளம்பினால் ஐந்தே நாள். தண்ணீர் இருக்கிறது. ஐந்து நாள் தாங்குவேன்.

நாள் 21 | மாலை 17:45
தரை: "வெண்குடை, உணவு 0 நாள். பயணம் 5 நாள். பயண நாளைவிட உணவு குறைந்த நிலையத்துக்குக் கப்பல் அனுப்புவதில்லை. பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. வருந்துகிறோம்."
கல்மேட்டை யாரும் மீட்கவில்லை.
உயிரோடு இருக்கிறேன் என்று பதினோரு முறை அனுப்பினேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்று பதில்.

நாள் 24
தள்ளியது எதுவும் தூரம் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே கூடவே சுற்றுகிறது. கண்ணாடியில் நெற்றியை வைத்து எண்ணுகிறேன். வெயில் படும்போது பளபளவென்று
அண்ணே நீங்கள் சொன்ன கட்டத்தில்

நாள்
ஒரு பாக்கெட் 70 மில்லி. கலோரி 175. சர்க்கரை 9. புரதம்