தேவையற்ற விவரமாகிப் போன துணிக் கிளிப்பு

அனுப்புநர்:
நெடுந்தூரப் பேருந்து ஓட்டுநர்
(ஆறாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி ஒருத்தியின் தந்தை),
பணிமனைக்குப் பின்புறக் குடியிருப்பு, மாடி வீடு.

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம்.

பொருள்: பிள்ளைகள் எழுதப் பழகுவதற்கென எங்கள் பள்ளி தேர்ந்தெடுத்த ஏஐ செயலியை மறுபரிசீலனை செய்யவும், என் மகள் எழுதி அச்செயலி நீக்கிய கட்டுரையின் முதல் வடிவத்தை மீட்டுத் தரவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் அனுப்பிய முந்தைய மனுவும், அதற்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பதில் வந்த பிறகும் மறுபடி எழுதுகிறானே, இவனுக்கு வேறு வேலை இல்லையா என்று தாங்கள் நினைக்கலாம். வேலை இருக்கிறது. வாரத்தில் பெரும்பகுதி வண்டியில்தான் கழிகிறது. இந்த மனுவையும் பணிமனை ஓய்வறையில், ஆளுக்கொரு பக்கம் குறட்டை விடும் சக ஓட்டுநர்கள் நடுவே உட்கார்ந்து, கையால் எழுதுகிறேன். பிழைகள் இருந்தால் அவை என்னுடையவை.

1. கல்வியாண்டின் தொடக்கத்தில், பிள்ளைகளுக்கு எழுத்துப் பயிற்சி தரும் செயலியைத் தேர்ந்தெடுக்கப் பெற்றோர் கூட்டம் நடந்தது. மூன்று நிறுவனத்தார் மடிக்கணினியோடு வந்தார்கள். தலைமையாசிரியர் மூவருக்கும் ‘மழைநாள்’ என்ற ஒரே தலைப்பைக் கொடுத்தார். முதல் செயலி நாங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டது. மேகம், மண்வாசனை, உவமை எல்லாம் இருந்தன. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இரண்டாவதும் எழுதியது, ஆனால் சற்றுச் சுருக்கம் என்று ஒதுக்கினார்கள். மூன்றாவது செயலி ஒரு வரிகூட எழுதவில்லை. “மழை வந்தப்ப நீ எங்க நின்னுட்டிருந்த?” என்று கேட்டுவிட்டு அப்படியே காத்திருந்தது. மண்டபமே சிரித்தது. “கேள்வி கேக்கறதுக்கு நம்ம வாத்தியாருங்க பத்தாதா?” என்றார் பெற்றோர் சங்கச் செயலாளர். பதில் தெரியாத செயலி என்று சொல்லி அதை ஓரங்கட்டினார்கள். முதல் செயலிதான் என்று முடிவாயிற்று.

2. நான் கை தூக்கி, “இதுல பிள்ளை எங்க எழுதும்?” என்று கேட்டேன். முதல் நிறுவனத்துப் பையன் நல்ல பிள்ளை, சிரித்த முகமாகவே சொன்னான்: “பிள்ளை கஷ்டப்படவே வேண்டாம் சார், அதுதானே விஷயம்!” செயலாளரும், “டிரைவர் அண்ணே, நேரமாச்சு, உக்காருங்க” என்றார். உட்கார்ந்தேன். ஐயா, நான் புது ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுத்தவன். பழக வந்தவனை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, பக்கத்தில் இருந்து திட்டத்தான் எங்களுக்குத் தெரியும். வண்டியை நானே அழகாக ஓட்டிக் காட்டினால் அவன் பின்சீட்டில் தூங்கிவிடுவான். எங்கள் பள்ளியோ, யார் நன்றாக ஓட்டுகிறார் என்று பார்த்துத்தான் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுத்தது.

3. என் மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. குடும்பம் நடத்திய காலமெல்லாம் நான் சாலையில் இருந்தேன், அவள் வீட்டில் இருந்தாள். அவளோடு கூடவே இருந்தது எங்கள் மகள் வாண்டுதான். (பள்ளிப் பதிவேட்டில் வேறு பெயர் உண்டு, வாண்டு என்பது அவள் அம்மா வைத்தது.) மனைவி எப்படிச் சிரிப்பாள், யாரோடு சண்டை போடுவாள், தனியாக இருக்கும்போது என்ன முணுமுணுப்பாள் என்பதையெல்லாம் அவள் போன பிறகு மகள் எழுதிய கட்டுரைகளிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாளாம். அதன் பிறகும் நம்பாமல் மகளை ஒரு தடவை இழுக்கச் சொல்வாளாம். இத்தனை வருடம் புருஷனாக இருந்து எனக்கு இது தெரியாது.

4. சென்ற பருவத்தில் ‘என் தாய்’ என்று கட்டுரை கொடுத்தார்கள். மகள் பள்ளிக் கணினியில் தட்டி முடித்த கையோடு, வகுப்பு ஆசிரியையின் கைப்பேசியிலிருந்து என்னை அழைத்தாள். அப்போது தேநீருக்காக வண்டி நின்றிருந்தது. “அப்பா, கேளு” என்று படித்துக் காட்டினாள். “அம்மா துணி காயப்போடும்போது வாயில கிளிப்பைக் கவ்விக்கிட்டே பேசுவாங்க. யாருக்கும் புரியாது. எனக்கு மட்டும் புரியும். ஒரு நாள் அப்படியே அப்பாவைப் பத்தி ஒண்ணு சொன்னாங்க.” அதற்குள் நடத்துநர் விசில் கொடுத்துவிட்டார். “மீதிய நீ வந்தப்புறம் படிக்கிறேன்” என்று வைத்துவிட்டாள்.

5. வீட்டுக்கு வந்து பார்த்தபோது கட்டுரைக்கு முதல் பரிசு கிடைத்திருந்தது. பள்ளிக்குப் போனேன், பிளாஸ்டிக் உறை போட்டு அறிவிப்புப் பலகையில் மாட்டியிருந்தார்கள். அதில் கிளிப்பு இல்லை. நானும் இல்லை. கிளிப்பு என்ற இடத்தில் ‘தேவையற்ற விவரம்’ என்று செயலி சிவப்புக் கோடு போட்டதாகவும், ‘மேம்படுத்து’ என்ற பொத்தானை அழுத்தியதும் எல்லாம் மாறிவிட்டதாகவும் மகள் சொன்னாள். மாறிய கட்டுரையில் ஒரு வரி: ‘தாயின் அக்கறை சொற்களால் அளவிட முடியாதது, அது என்றென்றும் நம்மை வழிநடத்தும்.’ பக்கத்தில் மாட்டியிருந்த மற்றப் பிள்ளைகளின் கட்டுரைகளிலும் ஏறக்குறைய அதே தாய்தான் இருந்தாள். அவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

6. வகுப்பு ஆசிரியையைக் குறை சொல்ல மாட்டேன். “எனக்கும் தெரியுது அண்ணே. ஆனா மார்க்கையும் அதுவே போடுது. கையால எழுதுற பிள்ளைக்குப் பாதிதான் வருது. நான் என்ன பண்ண?” என்றார். பேசும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நிறுவனத்துக்குத் தொலைபேசி செய்தேன். மேம்படுத்திய பிறகு பழையதைச் சேமிப்பதில்லை என்றார்கள்.

7. சரி, எழுதியவள் என் வீட்டில்தானே இருக்கிறாள் என்று மகளிடமே கேட்டேன். “அதுல ஒண்ணும் இல்லப்பா. தப்புத் தப்பா எழுதியிருந்தேன்” என்றாள். தப்பாக இருந்தால் பரவாயில்லை, அம்மா என்னைப் பற்றிச் சொன்னதை மட்டும் சொல் என்றேன். “அது தேவையில்லாத விவரம்பா” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பாடத்தை ஒப்பிக்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னாள். பிறகு ஒரு நோட்டும் பென்சிலும் வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தேன். “முதல்ல எப்படித் தொடங்கணும்னு யாருப்பா சொல்லுவா?” என்று கேட்டாள். நோட்டு காலியாகத்தான் இருக்கிறது. முன்பெல்லாம் பேசியே காதைத் துளைக்கும் பிள்ளை, ஐயா.

8. இவற்றையெல்லாம் முந்தைய மனுவில் எழுதியிருந்தேன். தங்கள் அலுவலகத்திலிருந்து உடனே பதில் வந்தது. மகிழ்ச்சியோடுதான் பிரித்தேன். அதன் மூன்றாம் வரி: ‘தங்கள் அக்கறை சொற்களால் அளவிட முடியாதது; அது என்றென்றும் எங்களை வழிநடத்தும்.’ பரிசுக் கட்டுரையையும் அந்தப் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வேலியே பயிரை மேய்கிறது என்பார்கள். இங்கே வேலிக்கும் பயிருக்கும் ஒரே ஆள்தான் எழுதிக் கொடுக்கிறார் போலிருக்கிறது. இந்த மனுவைத் தாங்களே படிக்கிறீர்களா, தங்களுக்காக அந்தச் செயலியே படித்துச் சுருக்கிக் கொடுக்கிறதா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

9. எனவே தாங்கள் செய்ய வேண்டியதாக நான் கோருபவை: செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது விற்க வந்தவரை விட்டுவிட்டு ஒரு பிள்ளையை உட்காரவைத்துப் பாருங்கள், அரை மணி கழித்து அந்தப் பிள்ளை தானாக என்ன எழுதுகிறது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்த அந்த மூன்றாவது செயலியை மறுபடி ஒருமுறை கூப்பிடுங்கள். மதிப்பெண் போடுவதை ஆசிரியையிடமே திருப்பிக் கொடுங்கள். என் மகள் முதலில் எழுதிய கட்டுரை எங்காவது ஒரு மூலையில் மிச்சம் இருந்தால், பிழையோடு அப்படியே கொடுங்கள். மேம்படுத்த வேண்டாம்.

இதில் எதுவும் நடக்காது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். செயலிக்குப் போட்ட ஒப்பந்தம் மூன்று ஆண்டு என்றும், அதற்குள் என் மகள் வேறு பள்ளிக்குப் போய்விடுவாள் என்றும், அங்கேயும் இதே செயலிதான் என்றும் விசாரித்து அறிந்தேன். நடவடிக்கை எடுப்பீர்கள் என்ற நம்பிக்கையுடன் முடிப்பது வழக்கம். என்னிடம் அது இல்லாததால் பணிவுடன் மட்டும் முடிக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்த மனுவை இயந்திரம் சுருக்குமானால், ஒரு வரியை மட்டும் வெட்டாமல் விடச் சொல்லுங்கள்: என் மனைவி வாயில் கிளிப்பைக் கவ்விக்கொண்டு என்னைப் பற்றி ஏதோ சொன்னாள்.

நாள்: ஆண்டுத் தேர்வுக்கு முந்தைய வெள்ளி
இடம்: பணிமனை ஓய்வறை

இப்படிக்கு,
(ஒப்பம்)
வாண்டுவின் அப்பா