தக்காளி சேருக்கு ஒரு திருத்தம்

இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இன்று காலை என் மனைவி மொட்டைக் கத்தியை அழுத்தித் தக்காளி வெட்டினாள். தோல் குழிந்து, விதை தெறித்து, சாறு என் சட்டையில் பட்டது. அந்தப் புளிப்பு மணத்தோடு நீ வந்து நின்றாய். நீ போய் ஒரு மாரி கழிந்துவிட்டது.

களுவாஞ்சிக்குடியில் நாம் வாடகைக்கு இருந்த அறை நினைவிருக்கிறதா? புதிதாக வேலை கிடைத்த இரண்டு பௌதிகவியல் ஆசிரியர்கள், ஒரே ஒரு கத்தி. மீன்கறிக்கு நீ தக்காளியை நசுக்கிக்கொண்டிருந்தாய்.

"என்னடா மச்சான், வெட்டச் சொன்னா சம்பல் இடிக்கிறாய்?"

"கத்தி மொட்டைடா. நான் என்ன செய்ய?"

"கத்தியில பிழையில்ல. அமத்தாத, இழு."

அதே கத்தியை வாங்கி மெல்ல இழுத்தேன். தோல் சத்தமில்லாமல் திறந்தது. காரணத்தையும் சொன்னேன். வெறுமனே அழுத்தினால் உள்ளேயிருக்கும் மென்சதை விட்டுக்கொடுக்கிறது. தோல் குழிகிறதே தவிரக் கிழிவதில்லை. இழுத்தால் விளிம்பு தோலைப் பற்றிப் பக்கவாட்டில் இழுக்கிறது. அதில் ஒரு சிறு கிழிசல் விழுந்துவிட்டால், கொஞ்ச அழுத்தத்திலேயே கத்தி இறங்கிவிடும். வயல் வட்டையில் நெல் வெட்டுகிறவர்களும் தாக்கத்தி அரிவாளை நெற்தாளில் வைத்துத் தம் பக்கம் இழுக்கத்தானே செய்கிறார்கள்?

"இன்னொருக்காச் சொல்லு" என்றாய்.

பிறகு நீ தனியார் வகுப்புத் தொடங்கினாய். தூரத்து ஏறாவூரிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். 'தக்காளி சேர்' என்று பெயரெடுத்தாய். ஒருநாள் உன் வகுப்புக் கொட்டிலுக்கு வெளியே நின்று பாடத்தைக் கேட்டேன். தக்காளி என்னுடையது, இழுவை என்னுடையது. காரணம் மட்டும் வேறு. "கூர் விளிம்புக்குப் பரப்புக் குறைவு, அதால அமுக்கம் கூட. எழுதுங்க பிள்ளையள்." அழுத்தியபோதும் அதே விளிம்புதானே இருந்தது?

வகுப்பு முடிந்ததும் கேட்டேன். சிரித்தாய்.

"பேப்பர்ல அதுக்குத்தான் மார்க்ஸ் மச்சான். உன்ட காரணத்துக்கு ஆர் புள்ளி போடுவான்?"

அன்றோடு உன் வாசலை மிதிக்கவில்லை. என் பெயரைச் சொல்லாததைக்கூட மன்னித்திருப்பேன். பொய். அதையும் மன்னிக்கவில்லை.

செத்தவீட்டில் உன் மாணவன் ஒருவன் அந்தப் பாடத்தைச் சொல்லி அழுதான், பிழையான காரணத்தோடேயே. திருத்த எழுந்தேன். நீ வெள்ளைத் துணிக்குள் கிடந்தாய். உன்னிடம் கேட்கவென்று வருடக்கணக்காகச் சேர்த்து வைத்த கேள்விகளை இனி யாரிடம் கேட்பது? உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது உன் மகள் அதே கொட்டிலில் படிப்பிக்கிறாள். மேசையில் தக்காளியும் இருக்கிறதாம். இதை அங்கேதான் அனுப்புகிறேன். காரணம் இனியாவது பிள்ளைகளுக்குச் சரியாகப் போய்ச் சேரட்டும்.

காலையில் மனைவியிடமிருந்து கத்தியை வாங்கி இழுத்து வெட்டினேன். எப்போது வெட்டினாலும், இன்னொருக்காச் சொல்லு என்று நீ பக்கத்தில் நிற்பது போலவே இருக்கிறது. நானும் சொல்லிக்கொண்டேதான் வெட்டுகிறேன்.

என் பெயரைப் பார்த்தால், தகப்பனுடைய பழைய பகையாளி என்று உன் மகள் இதை மடித்து வைத்துவிடுவாள். நீயும் என் பெயர் இல்லாமல்தான் படிப்பித்தாய். கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.