புளியங்கொட்டை வைத்தால் ஓடாத மெஷின்

அண்ணே,

இன்று காலை ரசத்துக்குப் புளி கரைக்கும்போது ஒரு கொட்டை விரலில் இடறியது. உங்களை நினைத்துச் சிரித்துவிட்டேன். சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. நீங்கள் போய் ஆறு மாதம் ஆகிறது.

அம்பத்தூர்ப் பட்டறையில் நீங்கள் எலக்ட்ரீஷியன், நான் தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓட்டுகிறவள். காலால் மிதித்தால் இறங்கும் பிரஸ்ஸுக்கு நீங்கள்தான் இரண்டு பட்டன் வைத்தீர்கள். இரண்டையும் இரண்டு கையாலும் அமுக்கினால்தான் இறங்கும். கை உள்ளே மாட்ட வழியே இல்லை. எனக்கோ அது பெரிய தொல்லை. வேலை சுணங்கியது, சூப்பர்வைசர் கத்தினார். இடப்பக்கத்துப் பட்டன்மேல் ஒரு புளியங்கொட்டையை வைத்து, ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டிவிட்டேன். பிறகு வலக்கை மட்டும் அமுக்கும். இடக்கை தகட்டை வைத்து எடுக்கும். என் சாமர்த்தியத்தில் எனக்கே பெருமை வேறு.

ஒரு சனிக்கிழமை அதைப் பார்த்துவிட்டீர்கள். திட்டப்போகிறீர்கள் என்று நின்றேன். "இன்னாம்மா, மெஷினுக்கே அல்வா குடுத்துகினு கீறியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனீர்கள். சூப்பர்வைசரிடம் போட்டுக்கொடுக்கவும் இல்லை.

திங்கட்கிழமை வழக்கம்போலக் கொட்டையைக் கட்டினேன். முதல் தகடே கோணலாக உட்கார்ந்தது. நேராக்க இடக்கை உள்ளே போனது; பழக்கதோஷத்தில் வலக்கை பட்டனை அமுக்கிவிட்டது. பிரஸ் இறங்கவில்லை. எனக்கு உறைக்கவே இல்லை, பாருங்கள். "அண்ணே, மெஷின் ரிப்பேர்" என்று எரிச்சலோடு கூப்பிட்டேன்.

"ரிப்பேர் இல்லம்மா. நேத்து ஒயரிங்கை மாத்திட்டேன். ஒவ்வொரு தபாவும் ரெண்டு பட்டனையும் உட்டுட்டு, மறுபடி ஒண்ணா அமுக்கணும். கொட்டை வெச்சா ஓடாது."

அப்போதுதான் இடக்கையைப் பார்த்தேன். அது இன்னும் உள்ளேயே இருந்தது. வெடுக்கென்று வெளியே இழுத்துக்கொண்டேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே?"

"சொன்னா நீ வேற எதுனா கண்டுபுடிச்சிருப்பே."

ஞாயிற்றுக்கிழமை கறிச்சோற்றை விட்டுவிட்டு, அதற்காகவே அயனம்பாக்கத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்தீர்களாம். வாட்ச்மேன் சொன்னார். பெரிய கம்பெனிகளில் இந்த ஏற்பாடு முன்பே உண்டு என்று பிற்பாடு கேள்விப்பட்டோம். நம் தெருவில் அது உங்கள் மூளையில்தான் முளைத்தது. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் கேட்டு வந்தபோது, "ஐடியா எங்க தங்கச்சிது, நான் ஒயரு மட்டும்தான் போட்டேன்" என்றீர்கள். வெட்கத்தில் எனக்கு நன்றி சொல்லக்கூட வாய் வரவில்லை.

இப்போது சொல்கிறேன், அண்ணே. நான் பிறவியிலேயே இடக்கைக்காரி. உங்களிடம் அதைச் சொன்னதே இல்லை. மகளுக்குத் தலை பின்னியது, அவள் கல்யாணப் புடவைக்கு ஓரம் அடித்தது எல்லாம் அந்தக் கைதான். இந்த மடலையும் அதுதான் எழுதுகிறது.