உப்பைக் குறைக்கச் சொன்னார்

மார்ச் 9, ஞாயிறு

விடிவதற்குள் கிளம்பி மத்தியானத்துக்குள் திரும்பிவிட்டோம், நானும் நாத்தனாரும். பாரை மீன் நாலு, சீலா ஒன்று. சீலாவைப் பிடித்தது அவள். முந்தின நாள்தான் நகத்துக்குச் சாயம் பூசியிருந்தாளாம். கொக்கியைக் கழற்றுவதற்குள் இரண்டு நகம் போச்சு என்று கரை வரும்வரை புலம்பல். பியூட்டி பார்லர் நடத்துகிறவளின் நகமே இப்படி இருந்தால் யார் வருவார்கள் என்று கேட்கிறாள்.

"அப்ப கையுறை போடு."

"கையுறை போட்டா மீன் கொத்துறது தெரியாதுன்னு நீங்கதானே அண்ணி சொன்னீங்க!"

வீட்டுக்கு வந்தால் அவர் தையல் மெஷினிலிருந்து நிமிராமலே, "என் சக்களத்தன் சௌக்கியமா?" என்றார். படகு வாங்கிய நாளிலிருந்து அதற்கு இந்தப் பெயர்தான், இதே கேள்விதான். புதிதில் ஒரே ஒரு தடவை ஏறினார். முகத்துவாரம் தாண்டுவதற்குள் குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி. அதற்கப்புறம் கடல் இருக்கிற திசையில் நாற்காலியைக்கூடப் போடுவதில்லை.

இன்ஜின் லேசாக இருமுகிறது. ப்ளக் மாற்ற வேண்டும். நாளை ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் காலை ஷிஃப்ட்.

மார்ச் 16, ஞாயிறு

எழுத்து கோணிக்கொண்டு போகிறது. போகட்டும்.

ஐஸ் பெட்டியை மூடக் குனிந்தேன். இடது காதில் ஓர் இரைச்சல் — பழைய ஃப்ரிட்ஜ் ஓடுகிற மாதிரி. நிமிர்ந்தால் கடல் செங்குத்தாக நின்றது. நிஜமாகவே சுவர் மாதிரி நின்றது. வானம் காலுக்குக் கீழே போய்விட்டது. எட்டு வயதில் அப்பா முதல்முதலாகப் படகில் ஏற்றியதிலிருந்து இன்றுவரை எத்தனை காற்று, எத்தனை அலை. ஒரு தடவை எனக்குத் தலை சுற்றியிருக்குமா? மற்றவர்கள் வாந்தி எடுக்கும்போது நான்தான் தண்ணீர் கொடுப்பேன்.

இன்றைக்கு நான் படகின் அடியில் படுத்துக் கிடந்தேன். தலையைத் திருப்பினால் வாந்தி. கண்ணைத் திறந்தால் வாந்தி.

நாத்தனாருக்கு இன்ஜின் ஓட்டத் தெரியும். ஆனால் முகத்துவாரத்தில் பாறை எங்கே இருக்கிறதென்று தெரியாது, அங்கே எப்போதும் நான்தான் ஓட்டுவேன். கண்ணை மூடிக்கொண்டே சொன்னேன்: "வெள்ளைக் கம்பம் தெரியுதா? அதை வலது தோளுக்கு நேரா வச்சுக்கோ. மெதுவா."

"தெரியல அண்ணி, கண்ணுல வெயில் அடிக்குது!"

ஓரிடத்தில் அடியில் கரகரவென்று உரசியது. அவள் அழ ஆரம்பித்தாள். ஆனால் இன்ஜினை விடவில்லை.

பக்கத்துப் படகுக்காரர்கள் என்னை மூட்டை மாதிரித் தூக்கி இறக்கினார்கள்.

மார்ச் 17, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. வெறும் பித்தம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 20, வியாழன்

பித்தம் இல்லை.

காது டாக்டர் பொறுமையானவர். ஒரு படம் வரைந்து காட்டினார், நத்தை ஓடு மாதிரி. அதற்குள் நீர் அதிகமாகிறதாம். அழுத்தம் கூடும்போது தலை சுற்றும், காது இரையும். போகப் போகக் கேட்கிறது குறையும். இடது காதில் ஏற்கெனவே குறைந்திருக்கிறதாம் — எனக்கே தெரியவில்லை.

"எப்ப சரியாகும் டாக்டர்?"

"கட்டுப்படுத்தப் பார்க்கலாம். எப்ப வரும், எவ்வளவு நேரம் இருக்கும்னு சொல்ல முடியாது. உப்பைக் குறைங்க. வண்டி ஓட்டாதீங்க. உயரமான இடம் வேண்டாம்."

"படகு?"

நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "படகு வேண்டவே வேண்டாம்மா."

மார்ச் 24, திங்கள்

சமையல் எல்லாம் அவர்தான். குழம்பில் உப்பே இல்லை. அவரும் அதையே சாப்பிட்டார்.

"உங்களுக்கு என்ன வந்தது? உங்களுக்குப் போட்டுக்க வேண்டியதுதானே?"

"உனக்கு இல்லாதது எனக்கு எதுக்கு?"

சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் சாப்பிட்டு முடித்துப் பாத்திரத்தை எடுக்கும்போது அவர் ஏதோ முணுமுணுத்துப் பாடினார். பாட்டு! ஞாயிற்றுக்கிழமை நான் கடலுக்குப் போகவில்லை. அதனால் பாட்டு.

கேட்டுவிட்டேன். "நிம்மதியா இருக்கில்ல உங்களுக்கு?"

தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "நீ கடலுக்குப் போற நாள்ல எனக்குத் தையல் நேரா வராது. நேத்து நேரா வந்துச்சு" என்றார்.

இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே! சொல்லியிருந்தா மட்டும் நான் நின்னிருப்பேனா? நின்னிருக்க மாட்டேன். அது வேற விஷயம். ஆனா என் காது போகும்போது ஒருத்தருக்கு நிம்மதி வரலாமா? அதுவும் இவருக்கு?



ஏப்ரல் 8, செவ்வாய்

எக்ஸ்ரே அறையில் சுற்றல் வந்துவிட்டது. கை உடைந்த ஒரு ஆளை மேஜையில் சரியாக வைத்து, "அசையாதீங்க, மூச்சைப் பிடிங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன், கதவு சாய்ந்தது. அந்த ஆள் உடையாத கையால் என்னைப் பிடித்துக்கொண்டார். "சிஸ்டர், நீங்க அசையாதீங்க" என்றார். சிரிப்பு வந்தது. சிரித்தால் வாந்தியும் வந்தது.

இனிமேல் எனக்கு வரவேற்பு மேஜையாம். டோக்கன் கொடுக்கிற வேலை. அங்கே நாற்காலிக்குக் கை இருக்கிறது, விழ மாட்டேனாம்.

ஏப்ரல் 9, புதன்

கை வைத்த நாற்காலி.

ஏப்ரல் 27, ஞாயிறு

படகு மெக்கானிக் போன் செய்தார். படகில் மழைத் தண்ணீர் தேங்கியிருக்கிறதாம், இறைக்க ஆள் வேண்டுமா என்றார். நானே வருகிறேன் என்றேன். பஸ்ஸில் போனேன்.

துறையில் கட்டிக் கிடந்த படகில் இறங்கி உட்கார்ந்தேன். ஒன்றும் ஆகவில்லை! வாளியால் இறைத்தேன். தூண்டில் நரம்பையெல்லாம் பிரித்து உப்புப் போகக் கழுவிச் சுற்றினேன். கொக்கிகளில் துரு. படகு லேசாக ஆடிக்கொண்டே இருந்தது, என் தலை ஆடவில்லை. வெயில் ஏறும்வரை அங்கேயே இருந்தேன்.

ஒருவேளை கடலில்தான் எனக்குச் சரியாக இருக்குமோ? கரைதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ? டாக்டருக்கு நத்தை தெரியும், கடல் தெரியுமா?

இப்படியெல்லாம் யோசிக்கிறேன். பைத்தியம்தான்.

மே 18, ஞாயிறு

உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடியே எழுத வேண்டும்.

அவர் பள்ளிக்கூடச் சீருடைக்குத் துணி எடுக்க வெளியூர் போயிருந்தார். நாத்தனாரிடம் டாக்டர் சரி என்று சொல்லிவிட்டார் என்றேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி அண்ணி. ஆனா நான்தான் ஓட்டுவேன்" என்றாள்.

கடல் எண்ணெய் ஊற்றி வைத்த மாதிரி கிடந்தது. அலையே இல்லை. முகத்துவாரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னேன். இன்ஜினை நிறுத்தி, தூண்டில் போட்டுக் கொஞ்ச நேரத்தில் கொத்தியது. கொடுவா! இழுப்பு தோள் வரைக்கும் ஏறியது. எவ்வளவு நாளாச்சு. நரம்பு கிறீச்சென்று ஓட, நான் விட்டுப் பிடிக்க, அவள் கைவலையை வைத்துக்கொண்டு ஓரத்தில் குனிந்து, "வருது அண்ணி, வருது, வெள்ளையா தெரியுது" என்று கத்தினாள்.

அப்போது காதில் ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பித்தது.

நான் விழுந்தேன். அவள் குனிந்திருந்த பக்கமாகவே விழுந்தேன். படகு சாய்ந்தது. தண்ணீர்ச் சத்தம்.

"அண்ணி!"

கண்ணைத் திறந்தால் எல்லாம் சுழல்கிறது. படகு எது, கடல் எது, ஒன்றும் தெரியவில்லை. எப்போது கிளம்பியதோ, காற்று படகைத் தள்ளிக்கொண்டு போவது மட்டும் தெரிந்தது. "அண்ணி, கயிறு! கயிறைப் போடுங்க!" தவழ்ந்தேன். கயிறு கையில் அகப்பட்டது. ஆனால் எந்தப் பக்கம்? ஒரு காதுதான் சரியாகக் கேட்கிறது, ஒரு காதுக்கு எல்லாக் குரலும் ஒரே பக்கத்திலிருந்துதான் வரும் — இது எனக்கு அதுவரை தெரியாது. வலது பக்கம் வீசினேன்.

"இந்தப் பக்கம் அண்ணி! இந்தப் பக்கம்!"

எந்தப் பக்கம்? எந்தப் பக்கம்டி? நான் கத்துறேன், அவ கத்துறா, அவ குரல் சின்னதா ஆகிட்டே போகுது. நான் கயிறைப் பிடிச்சுட்டு முட்டி போட்டு உட்கார்ந்திருக்கேன். கடல்லயே வளர்ந்தவ. கயிறு போடத் தெரியல.

அவளே நீந்தி வந்தாள். இன்ஜினில் காலை வைத்து ஏறி, என் பக்கத்தில் தொப்பென்று விழுந்தாள். லைஃப் ஜாக்கெட்டை அவள் எப்போதும் பட்டை கட்டாமல்தான் மாட்டிக்கொள்வாள், இன்றைக்கு மட்டும் பட்டையெல்லாம் இறுக்கிக் கட்டியிருந்தாள். நான் சொன்னதை அவள் நம்பவில்லை. நம்பாமலும் வந்திருக்கிறாள்.

திரும்பும்போது முகத்துவாரத்தை அவளே கடந்தாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை.

மே 19, திங்கள்

அவரிடம் நானே சொல்லிவிட்டேன், அவர் தங்கையை நேற்று சாகக் கொடுத்திருப்பேன் என்று.

திட்டுவார் என்று காத்திருந்தேன். மெஷினில் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தார். வெகுநேரம் கழித்துப் பார்த்தால் ஊசியில் நூலே இல்லை. வெறும் துணியில் ஊசி ஓடிக்கொண்டிருந்தது.

மே 25, ஞாயிறு

பார்லரில் போய்ப் பார்த்தேன். ஆள் இல்லாத நேரம். என்னைச் சுழல் நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு சாதா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"படகை நீ வச்சுக்கோ. உன் பேருக்கே எழுதிடறேன்."

"எனக்கு வேண்டாம் அண்ணி."

"கோபமா?"

"கோபமா இருந்தா பரவால்லையே. உங்ககிட்ட இதுவரைக்கும் சொன்னதில்ல. எனக்கு மீன் நாத்தமே ஆகாது. வீட்டுக்குப் போய் மூணு தடவை குளிப்பேன்."

"அப்புறம் எதுக்குடி இத்தனை வருஷம் வந்த?"

சீப்புகளை எடுத்து அடுக்கினாள். "என் வீட்டுக்காரன் என்னை விட்டுட்டுப் போனப்போ எல்லாரும் வீட்டுக்கு வந்து அழுதாங்க. நீங்க மட்டும் காலையில வந்து, ஏறு படகுலன்னீங்க. எதுவும் கேக்கல. அதுக்குத்தான் வந்தேன். நீங்க இல்லாம எனக்குக் கடல்ல என்ன வேலை?"

முடி வெட்டிக்கொள்ளாமல் போகக் கூடாது என்று நுனியை மட்டும் வெட்டி அனுப்பினாள்.

ஜூன் 21, சனி

வாங்க வந்தவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். கையைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போயிற்று, எதையும் அதட்டாத கை. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இருமும், பயப்பட வேண்டாம் என்றேன். அடியில் உரசின இடத்தைத் தடவிக் காட்டினேன். முகத்துவாரத்துப் பாறையைச் சொன்னேன், இரண்டு தடவை.

"இவ்வளவு பிரியமா வச்சிருக்கீங்க, ஏன்மா குடுக்கிறீங்க?"

"உடம்பு சரியில்லைங்க."

அதற்கு மேல் என்ன சொல்ல? துறையின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டிரைவர் கொஞ்சம் தடுமாறிப் படகைத் திருப்பினார், அப்புறம் பிடிபட்டுவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கணும்? அவருக்கு அது புதுப் படகு.

வீட்டுக்கு வந்தால் அவர் கேட்கவே இல்லை, சக்களத்தன் சௌக்கியமா என்று. இனிக் கேட்கவும் மாட்டார். உப்பில்லாத சாதத்தைப் பிசைந்து முன்னால் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

ஜூலை 30, புதன்

இடது காது முழுசாகப் போய்விட்டது. டாக்டர் கருவியை வைத்து உறுதி செய்தார். சுற்றல் மட்டும் போகவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பரண்மேல் இருந்த தூண்டில் கம்பி கீழே இறங்கியிருக்கிறது, தூசு துடைத்து. அவர் சட்டைத் தோளில் ஒட்டடை.

செப்டம்பர் 14, ஞாயிறு

அலைத் தடுப்புச் சுவருக்குப் போனோம், நானும் அவரும். காலையில் அவரே, "அங்க சுவர் அகலமா இருக்காம். ஆடாதாம்" என்றார். யாரிடம் விசாரித்தாரோ. கடல் இரண்டு பக்கமும் இருக்கிறதே என்றேன். "கீழ பார்க்காம வரேன்" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். யார் யாரைப் பிடித்திருந்தார்கள் என்று எனக்கே தெரியவில்லை.

நான் உட்கார்ந்து வீசினேன். சுவரிலிருந்து வீசுவது சுவரிலிருந்து வீசுவதுதான், படகு ஆகாது. என்றாலும் நரம்பில் ஈயக்குண்டு இறங்குவது விரலுக்குத் தெரிந்தது. அவர் எனக்குப் பின்னால் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு சட்டையின் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார்.

இரைச்சல் வந்ததும் சொல்லிவிட்டேன். "இந்தாங்க, இதைப் பிடிங்க." கம்பியை அவர் கையில் திணித்துவிட்டுக் கல்லில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினேன். கல் சுழன்றது. அது அடங்கும்வரை செய்வதற்கு எனக்கு ஒன்றும் இல்லை, எப்போதும் போல.

அப்போது அவர் குரல். "ஏய்! ஏதோ இழுக்குது! எழுந்திரு!"

"என்னால முடியாதுங்க. நீங்களே பிடிங்க."

"நானா?"

"இழுக்காதீங்க. அது போனா விடுங்க. நிக்கும்போது சுத்துங்க."

"எப்ப நிக்கும்?"

"உங்க கைக்குத் தெரியும்."

ரீல் ஓடியது. நின்றது. ஓடியது. அவர் செருப்பு கல்லில் தேய்கிற சத்தம் என் தலைக்குப் பக்கத்தில் முன்னும் பின்னும் போனது. விளிம்புக்குப் போயிருக்கிறார். "ஓரத்துக்குப் போகாதீங்க" என்றேன். அவர் காதில் விழவில்லை. "பெருசு, ஏதோ பெருசு, பளபளன்னு இருக்கு" என்று யாரோ ஒரு சின்னப் பையன் குரலில் கத்தினார். அப்புறம் பட்டென்று ஒரு சத்தம், எனக்குத் தெரிந்த சத்தம், நரம்பு அறுகிற சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் கை என் நெற்றியில் பட்டது.

"போயிடுச்சு" என்றார்.

"என்ன மீன்?"

"எனக்கென்ன தெரியும்?"

நானும் பார்க்கவில்லை. கண்ணைத் திறந்தால்தானே.

மறுபடி கேட்டார், "போனா இப்படித்தான் இருக்குமா? நெஞ்செல்லாம்?"

"ஆமாங்க."

வலது காதுப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார், நன்றாகக் கேட்கட்டும் என்று.

"அது நாளைக்கும் இங்கதான் இருக்குமா?"